துணையைக் காணச் செல்லும் நெடும்பயணத்தில் எந்தப் பின்னல் வேலையை எடுத்துச் செல்வது?

பல்லாவரத்தாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் வேலை நிமித்தம் தில்லியில் தங்கியிருக்கிறார். நான் சென்னையில் பணியாற்றுகிறேன். விடுமுறை சேர்ந்து கிடைக்கும்போது தமிழ்நாடு விரைவு வண்டியில் அவரைப் பார்க்கச் செல்வது வழக்கம். சென்னை சென்ட்ரலில் இரவு ஏறினால், இரண்டு இரவுகளும் இடையில் ஒரு முழுப் பகலும் வண்டியிலேயே கழிகின்றன. 2,182 கிலோமீட்டர் தொலைவையும் கைப்பேசியைப் பார்த்தே கடப்பது அலுத்துவிட்டதால், இம்முறை பின்னல் வேலையை எடுத்துச் செல்லலாம் என்று நினைக்கிறேன்.

குரோஷா (ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் பின்னல்) எனக்கு ஓரளவு வரும். இரண்டு ஊசிப் பின்னலில் மப்ளர், குழந்தைத் தொப்பி வரை செய்திருக்கிறேன், ஸ்வெட்டர் செய்ததில்லை. தில்லிக் குளிருக்கு அவருக்கு ஒரு முழுக்கை ஸ்வெட்டர் பின்னித் தர வேண்டும் என்பது ஆசை. அதை வண்டியிலேயே தொடங்கலாமா, எந்த ஊசி, எந்த நூல் வாங்குவது, அங்கே போய்ச் சேர்ந்தபின் வேலையைத் தொடர்வதா மூட்டை கட்டி வைப்பதா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாயிருக்கும். அடுத்த ஆண்டு அவரை நிறுவனம் இங்கிலாந்துக்கு அனுப்பக்கூடும் என்பதால், விமானத்தில் ஊசி கொண்டுபோவது பற்றியும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

நாகர்கோவில்காரி எழுதியது:

மகளே, உன் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் கணவர் ராணுவத்தில் இருந்தவர். அவர் ஜம்முப் பக்கம் பணியில் இருந்த ஆண்டுகளில், கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் ஹிம்சாகர் வண்டியில்தான் நான் போய்வருவேன். இப்போது கத்ரா வரை ஓடும் அந்த வண்டி அப்போது ஜம்மு தாவியோடு நின்றுவிடும். கேரளத்தைத் தொட்டு, கோயம்புத்தூர் வழியே ஆந்திரத்துக்குள் புகுந்து, நாக்பூர், போபால், தில்லி என்று அது போய்க்கொண்டே இருக்கும். அத்தனை நீண்ட பயணத்தில் பின்னல்தான் எனக்குத் துணை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்வெட்டரைத் தொடங்குவதற்கு வண்டி ஏற்ற இடமன்று. வீட்டில் தொடங்கியதைத் தொடர்வதற்குத்தான் அது ஏற்றது. கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, எண்ணி ஊசியில் ஏற்றுவது, கீழ்ப்பட்டைக்கான ரிப் (இழுத்தால் விரியும் வரிப் பின்னல்) வரிசைகளை ஒழுங்குபடுத்துவது, கண்ணிக் கணக்குப் பார்க்க அளவுத்துண்டு என்னும் சிறு மாதிரியைப் பின்னிப் பார்ப்பது ஆகியவற்றுக்கு மேசையும் வெளிச்சமும் அமைதியும் வேண்டும். அவற்றைப் பல்லாவரத்திலேயே முடித்துக்கொண்டு, ஒரு நிட் (நேர்ப்பின்னல்) வரிசை, ஒரு பர்ல் (எதிர்ப்பின்னல்) வரிசை என்று கண்ணை மூடிக்கொண்டும் போகக்கூடிய முதுகுப்பகுதியை வண்டிக்கு எடுத்துவா. டீக்காரர் கூவினாலும், எதிர் இருக்கைக் குழந்தை அழுதாலும், பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்தாலும் கெடாத வேலை அதுதான்.

அளவுக்கு அவருடைய மார்பைச் சுற்றி அளப்பதைவிட, அவருக்குப் பிடித்த பழைய ஸ்வெட்டர் ஒன்றைத் தரையில் விரித்து அளப்பது மேல். ஆண்களிடம் அளவு கேட்டால் சட்டை எண்ணைத்தான் சொல்வார்கள். மார்பு 100 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சட்டை போட்டுக்கொள்ள 8 செ.மீ. தளர்வு கொடுத்தால் சுற்றளவு 108. முதுகுக்கு அதில் பாதி, 54 செ.மீ. உன் அளவுத்துண்டில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் வந்தால், 54-ஐ 2.2-ஆல் பெருக்க ஏறக்குறைய 119 வரும். ஓரத் தையலுக்கு இரண்டு சேர்த்து 121 கண்ணிகள் ஏற்று. அளவுத்துண்டைத் துவைத்து உலர்த்திய பிறகே எண்ண வேண்டும். பின்னிய கையோடு எண்ணினால் கணக்கு மாறிப்போகும்.

கைவேலைப் பேச்சு வந்ததால் எங்கள் ஊர்ப் பெருமையையும் ஒரு வரி சொல்லிக்கொள்கிறேன். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்; கால்டுவெல்லை மணந்த அவருடைய மகள் எலைசா, அதே வேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். திண்டில் ஊசி குத்தி, மரக்கட்டைகளில் நூல் சுற்றிச் செய்யும் அந்த லேஸை எந்த வண்டியிலும் வைத்துச் செய்ய முடியாது. இரண்டு ஊசிப் பின்னலும் குரோஷாவும்தான் பயணத்துக்குப் பிறந்தவை.

ஊசிமுனை எழுதியது:

அம்மா சொன்ன கணக்கு மிகச் சரி. நான் ஊசியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் புதிதாக வாங்குபவர்கள் குழம்புவது அங்கேதான்.

நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டன் எண்களே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும்: 8-ஆம் எண் 4 மி.மீ., 10-ஆம் எண் 3.25 மி.மீ., 12-ஆம் எண் 2.75 மி.மீ. அமெரிக்க முறை இதற்கு நேர் எதிர். அங்கே எண் கூடினால் ஊசியும் தடிக்கும், அவர்களுடைய 8 என்பது 5 மி.மீ. இணையத்தில் கிடைக்கும் இலவசக் குறிப்புகளில் பல அமெரிக்கர்கள் எழுதியவை. அவற்றில் 8 என்று கண்டு, பாரிமுனைக் கடையில் 8-ஆம் எண் ஊசியைக் கேட்டு வாங்கினால், ஸ்வெட்டர் கணவருக்கு அல்ல, அவருடைய தம்பி மகனுக்குத்தான் பொருந்தும். எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது ஊசியின் வடிவம். நீளமான அலுமினிய ஊசிகள் இரண்டை வைத்துக்கொண்டு மூன்று பேர் அமர்ந்த இருக்கையில் பின்னினால், பக்கத்தில் இருப்பவரின் விலாவில் முழங்கை இடிக்கும். ஓர் ஊசி கைதவறி விழுந்தால் அது உருண்டு நிற்கும் இடம் அடுத்த பெட்டியாகவும் இருக்கலாம். ஆகவே வட்ட ஊசி வாங்குங்கள். இரண்டு குட்டை ஊசிகளை வளையும் பிளாஸ்டிக் வடம் இணைத்திருக்கும், 80 செ.மீ. நீளமுள்ளது போதும். அதில் வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்பதில்லை, ஒவ்வொரு வரிசை முடிவிலும் திருப்பிப் பிடித்து நேராகவும் பின்னலாம். துணியின் எடை மணிக்கட்டில் தொங்காமல் மடியில் உட்கார்ந்துகொள்ளும். இறங்கும்போது கண்ணிகளை வடத்துக்குத் தள்ளிவிட்டுப் பைக்குள் போட்டால் ஒன்றும் நழுவாது. மூங்கில் ஊசி கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் உலோகத்தில் வழுக்கும் கண்ணி மூங்கிலில் சற்றுப் பிடித்து நிற்கும். வண்டி குலுங்கும்போது இந்தப் பிடிப்பு உதவுகிறது.

நூல் பந்து இருக்கைக்கு அடியில் உருண்டு போவதைத் தடுக்க நான் சிறிய தூக்குவாளியைத்தான் பயன்படுத்துகிறேன். பந்தை உள்ளே போட்டுக் கைப்பிடியைக் கொக்கியில் மாட்டிவிட்டால், நூல் மட்டும் தேவைக்கேற்ப வெளியே வரும், தரைத் தூசியும் ஒட்டாது. மஞ்சப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. இரவு பத்து மணிக்குமேல் பெட்டியில் விளக்கை அணைத்துவிடுவார்கள் என்பதால், இருட்டில் விரலாலேயே தடவிப் பின்னும் திறமை இல்லாவிட்டால், வேலைக்கு அந்தப் பகல்பொழுது மட்டுமே உண்டு என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

வாத்தியார்வீட்டுக்காரர் எழுதியது:

பெண்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஓர் ஆண் நுழைவதற்குப் பொறுத்தருள்க. என் மனைவி தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. நான் மதுரையில் இருக்கிறேன். கலந்தாய்வில் ஒவ்வொரு முறையும் இடம் தவறிப்போகிறது, மனமொத்த மாறுதலுக்கும் ஆள் கிடைத்தபாடில்லை. ஆகவே வார இறுதிகளில் திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம் என்று பேருந்தில் போய்வருவது என் வாழ்க்கையாகிவிட்டது.

நான் ஒயர் கூடை பின்னுபவன். என் தாயாரிடம் கற்றது. இதற்கு ஊசியும் வேண்டாம், உல்லன் நூலும் வேண்டாம். அளந்து வெட்டிய ஒயர்கள் இருந்தால் போதும். பேருந்தில் தலை குனிந்து உற்றுப் பார்த்தால் எனக்குக் குமட்டும். ஆனால் சாதா முடிச்சு கைக்குப் பழகிவிட்டால் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, சாலையைப் பார்த்துக்கொண்டே போட்டுக்கொண்டு போகலாம். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் ஆகிய முடிச்சுகளுக்கு ஒயர்களை நிறம் பார்த்து இழுக்க வேண்டியிருப்பதால் அவற்றை வீட்டுக்கு வைத்துக்கொள்வேன். கூடையின் அடிப்பகுதி தட்டையாக இருக்கும் வரை மடியில் அடங்கும். பக்கங்கள் எழும்பத் தொடங்கியபின் அது இடத்தை அடைத்துக்கொள்ளும், நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர் முனைகள் பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தை உரசும். ஆகவே அடிப்பகுதி மட்டும் பேருந்தில், பக்கங்களும் கைப்பிடியும் தருமபுரியில்.

சகோதரி கேட்ட இன்னொரு கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அங்கே போனபின் என் மனைவியும் எதிரே உட்கார்ந்து மறுபக்கத்து வரிசையைப் போடுவார். கூடையை இருவர் ஒரே நேரத்தில் பின்ன முடியும் என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரியவந்தது. அவர் முடிச்சை இறுக்கி இழுப்பார், நான் தளர்வாக விடுவேன். வாங்கிப்போகும் உறவினர்கள் கூடை ஏன் ஒருபக்கம் சாய்கிறது என்று கேட்பார்கள்.

மறுகரை எழுதியது:

சற்றே மாறுபட்ட கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பின்னுபவன் அல்லன், பின்னுபவரின் கணவன். பெங்களூருவில் நான், சென்னையில் அவர். மாதத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால் பெரிது. அந்த இரண்டு நாளிலும், நான் ஏதாவது சொல்லத் தொடங்கினால், "இந்த வரிசை முடியட்டும்" என்பார். வரிசை முடிந்ததும் திருப்பிப் பிடித்து அடுத்ததைத் தொடங்கிவிடுவார். எனக்காகத்தான் பின்னுகிறார் என்பது உண்மை. ஆனால் என்னைப் பார்க்க வந்தவர் எனக்கான ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு என்ன லாபம் என்று கேட்கத் தோன்றுகிறது. பெங்களூருவில் ஸ்வெட்டர் போடும் நாட்களும் குறைந்துகொண்டே வருகின்றன.

பயணத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பின்னுங்கள். நிலையத்தில் இறங்கியதும் பையைப் பரணில் போட்டுவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நாகர்கோவில்காரி எழுதியது:

தம்பி மறுகரையின் குறையில் நியாயம் இருக்கிறது. வரிசைக்கு நடுவில் நிறுத்தினால் கண்ணி நழுவும் என்று நாங்கள் சொல்வது பாதி உண்மைதான். வட்ட ஊசியில் எந்த இடத்திலும் நிறுத்தலாம். அவருடைய மனைவி இதைப் படிக்காமல் இருக்கக் கடவது.

ஆனாலும் பையைப் பரணில் போட்டுவிட்டால் நீ தில்லி போனதன் பெரிய பயனை இழந்துவிடுவாய், மகளே. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு பின்னும்போது நமக்கு இல்லாதது அந்த உடம்புதான். போட்டுப் பார்க்க ஆள் எதிரில் இருக்கும் அந்த நாலு நாளில், முதுகுப்பகுதியை அவர் தோளில் வைத்துப் பார். அக்குளுக்கு எங்கே கண்ணிகளைக் குறைக்கத் தொடங்குவது என்று குண்டூசி குத்தி அடையாளம் வை. கையை மடக்கச் சொல்லி, தோள்முனையிலிருந்து முழங்கை வழியாக மணிக்கட்டு வரை அள; மடக்காமல் அளந்தால் கை நீட்டும்போதெல்லாம் ஸ்வெட்டர் மேலே ஏறும். கழுத்து எவ்வளவு இறங்க வேண்டும் என்று அவரையே சொல்லவிடு. எல்லாம் சேர்ந்து அரை மணி நேர வேலை. அதன்பின் பையை மூடிவிடு. திரும்பி வரும் வண்டியில் கைகளைத் தொடங்கலாம். போகும்போது தெரியாத அளவுகள் அப்போது உன்னிடம் இருக்கும்.

நாங்கள் குடும்பக் குடியிருப்பில் இருந்த காலத்தில், மார்கழி வெயிலில் கட்டில் போட்டு உட்கார்ந்து பின்னும் பஞ்சாபிப் பெண்களோடு சேர்ந்துகொள்வேன். மொழி தெரியாத ஊரில், கணவர் பணிக்குப் போய்விட்ட பகலில், நாலு பேரைப் பழக்கிக் கொடுத்தது அந்தப் பின்னல்தான். நான் குறைப்பதைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள் ஊசியைக் கையிலிருந்து வாங்கி, பிரித்து, தன் முறையில் பின்னிக் காட்டுவார். உன் கணவர் அலுவலகம் போகும் நேரத்தில் உனக்கும் கீழ்வீட்டில் அப்படி ஒருவர் கிடைக்கலாம்.

நீலமலை எழுதியது:

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். நூலைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை.

சமவெளியில் உல்லன் நூல் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி அக்ரிலிக். அது மோசம் என்று சொல்லமாட்டேன். விலை குறைவு, துவைப்பது எளிது, பூச்சி அரிக்காது, தனியாக இருக்கும் ஓர் ஆண் வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் சனவரி மாதத் தில்லிக்கு ஆட்டு உரோம நூல் கலந்ததாக வாங்குவது நல்லது. சந்தேகம் இருந்தால் ஒரு சாண் நூலை வீட்டு அடுப்படியில் கொளுத்திப் பாருங்கள். உரோமமாக இருந்தால் முடி கருகும் வாடை வரும், மிஞ்சுவது நொறுங்கும் சாம்பல். அக்ரிலிக்காக இருந்தால் உருகி, ஆறியபின் கெட்டியான கருமணியாக நிற்கும். இந்தக் காரணத்தாலேயே அக்ரிலிக் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நெருப்பருகே குளிர்காய்வதும் ஆபத்து. முழு உரோம நூலைச் சுடுநீரில் அலசினால் சுருங்கிக் கம்பளித் துண்டாகிவிடும் என்பதைக் கணவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நடுத்தர உடலமைப்புள்ள ஆணுக்கு, 4 மி.மீ. ஊசியில் பின்னும் தடிமனுள்ள நூல் 500 முதல் 600 கிராம் வரை தேவைப்படும். முழுவதையும் ஒரே நேரத்தில் வாங்குங்கள். பந்தைச் சுற்றியுள்ள தாளில் சாய லாட் எண், அதாவது எந்தத் தொகுதியில் சாயம் ஏற்றியது என்பதைக் காட்டும் எண், இருக்கும். எல்லாப் பந்துகளிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் தீர்ந்து போய் தில்லியில் தேடினால், அதே நிறுவனத்தின் அதே நிறம் கிடைத்தாலும் லாட் மாறியிருக்கும், வெயிலில் நிற்கும்போது கை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாகத் தெரியும். நூல் முழுவதையும் வண்டிக்குச் சுமந்து வர வேண்டியதில்லை; வெளிச்சம் இருக்கும் பகலுக்கு இரண்டு பந்து தாராளம்.

கைவேலை என்றாலே பின்னல்தான் என்று நினைக்க வேண்டாம். எங்கள் மலையில் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் செய்யும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணியே வடிவங்களைக் கொண்டுவருவார்கள். எடுத்துச் செல்ல ஒரு தையலூசியும் ஒரு முழத் துணியும் போதும் என்றாலும், ஓடும் வண்டியில் இழை எண்ணுவது என் கண்ணுக்கு முடியாத காரியம். அது போய்ச் சேர்ந்த இடத்து முன்பகலுக்கு உகந்தது.

வான்வழி எழுதியது:

விமானம் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். என் மனைவி அமெரிக்காவில் படிக்கிறார், நான் இங்கே. குரோஷாப் பழக்கம் அவரிடமிருந்து எனக்குத் தொற்றியது.

அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு விதிகளின்படி பின்னல் ஊசிகளையும் குரோஷா ஊசிகளையும் கைப்பையில் எடுத்துச் செல்லலாம். கத்தரிக்கோல் இருந்தால், இரண்டு அலகுகளும் சேரும் ஆணியிலிருந்து முனை வரை 4 அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். கழுத்தில் பதக்கம்போல் தொங்கவிடும் வட்ட நூல்வெட்டியைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை, ஏனெனில் அதற்குள் பிளேடு இருக்கிறது. பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும் பொருள்தான் அங்கே சிக்குகிறது. பிரிட்டன் அரசின் பட்டியலும் பின்னல் ஊசியைக் கைப்பையில் அனுமதிக்கிறது. கத்தரிக்கோல் அலகு 6 செ.மீ.க்கு மேற்படக் கூடாது. இவையெல்லாம் எழுத்தில் உள்ளவை. சோதனைச் சாவடியில் நிற்கும் அதிகாரி வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று அமெரிக்க விதியே சொல்கிறது. நம் நாட்டில் ஒரு விமான நிலையத்தில் கேள்வியே இல்லாமல் போன அலுமினிய ஊசியை இன்னொன்றில் எடுத்து வைத்துவிட்டார்கள். வாதாடிப் பயன் இல்லை. வரிசையில் பின்னால் நிற்பவர்களின் சாபம்தான் மிஞ்சும்.

ஆகவே விதி எதுவாயினும், ஊசி பறிபோகலாம் என்ற கணக்கிலேயே தயாராகப் போவது நல்லது. புறப்படுமுன், தையலூசியில் கோத்த ஒரு மெல்லிய நூலை, ஊசியில் இருக்கும் கண்ணிகள் அனைத்தின் ஊடாகவும் செலுத்தி இரு முனைகளையும் முடிந்துவிடுங்கள். இந்தக் காப்பு நூல் இருந்தால், ஊசியை உருவிக் கொடுத்துவிட்டு வரவேண்டி வந்தாலும் பின்னல் ஒரு கண்ணிகூட அவிழாது. போய்ச் சேர்ந்ததும் வேறோர் ஊசியில் ஏற்றிக்கொள்ளலாம். விலை உயர்ந்த ஊசியைப் பெட்டிச் சாமானில் போட்டுவிட்டு, கைக்கு மலிவான மூங்கிலையோ பிளாஸ்டிக்கையோ வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்குப் பதிலாகப் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூல் டப்பாவைப் பலர் எடுத்துப்போகிறார்கள். அதன் வாயில் உள்ள சிறு உலோகப் பல் உல்லனையும் வெட்டும், உள்ளிருக்கும் நூல் காப்பு நூலாகவும் பயன்படும்.

இதில் குரோஷாவுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எந்த நேரத்திலும் ஊசியில் இருப்பது ஒரே ஒரு கண்ணி என்பதால், ஊசியைப் பறிகொடுத்தாலும் அந்த ஒன்றை மட்டும் பெரிதாக இழுத்து முடிச்சிட்டால் போதும். நான் விமானத்தில் குரோஷாச் சதுரங்கள் மட்டுமே போடுவேன். போகும் பயணத்தில் செய்தவற்றை அவரிடம் விட்டுவிட்டு வருவேன். அவர் தன் விடுதி அறையில் செய்தவற்றோடு சேர்த்து இணைத்துக்கொண்டிருக்கிறார். போர்வை எப்போது முடியும் என்று கேட்டால், ஆய்வேடு முடியும்போது என்கிறார்.

பல்லாவரத்தாள் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. கம்பளி கலந்த நூலும் 4 மி.மீ. வட்ட ஊசியும் வாங்கிவிட்டேன். முதுகுப்பகுதிக்கு 121 கண்ணி ஏற்றி, ரிப் பட்டையையும் வீட்டிலேயே முடித்துவிட்டேன். இப்போது ஓர் ஐயம் எழுகிறது. என்னுடைய பழைய மப்ளரை எடுத்துப் பார்த்தபோது, பயணத்தில் பின்னிய பகுதி தளர்வாகவும் வீட்டில் பின்னியது இறுக்கமாகவும் இருப்பது தெரிந்தது. மப்ளரில் இது பெரிதாகத் தெரியவில்லை. ஸ்வெட்டரில் தெரியுமா?

ஊசிமுனை எழுதியது:

தெரியும், நன்றாகவே தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 செ.மீ.க்கு 22 கண்ணி வரும் கை, சற்று இறுகி 23 வரும் கையாக மாறினால், தையல் ஓரம் நீங்கலாக 119 கண்ணிகளின் அகலம் 54 செ.மீ.யிலிருந்து 52-க்கும் கீழே இறங்கிவிடும். முன்னும் பின்னும் சேர்த்தால் கிட்டத்தட்ட 5 செ.மீ. இழப்பு, நீங்கள் விட்ட 8 செ.மீ. தளர்வில் பாதிக்கு மேல் போய்விடும்.

மனம் இருக்கும் நிலை கையில் இறங்கும். போகும்போது பரபரப்பு, வரும்போது சோர்வு. யாருக்கு எப்போது இறுகும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. பொதுவாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு பின்னும்போது எனக்குத் தளர்கிறது, வாட்ஸ்அப்பில் சண்டை போட்டுவிட்டுப் பின்னினால் இறுகிவிடுகிறது. இதற்கு மருந்து, ஒரு துண்டை முழுவதும் ஒரே வகைச் சூழ்நிலையில் முடிப்பதுதான். முதுகுப்பகுதி வண்டிக்கு என்றால், ரிப் பட்டைக்கு மேல் உள்ளதை வண்டியிலேயே பின்னுங்கள், வீட்டில் தொடாதீர்கள். முன்பகுதி வீட்டுக்கு என்றால் அப்படியே வையுங்கள். ஒவ்வொரு சாண் வளர்ந்ததும் அளவு நாடாவை வைத்து 10 செ.மீ.யில் எத்தனை கண்ணி என்று எண்ணிப் பாருங்கள். இறுகத் தொடங்கியிருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பாருங்கள். பல்லார்ஷாவுக்கு அப்பால் பார்க்க நிறைய இருக்கிறது.

கைகளுக்கு வேறு வழி உண்டு. இரண்டு கைகளையும் ஒரே வட்ட ஊசியில், இரண்டு தனித்தனிப் பந்துகளிலிருந்து, அடுத்தடுத்து ஏற்றிவிடுங்கள். ஒரு வரிசையில் முதல் கையையும் தொடர்ந்து இரண்டாம் கையையும் பின்னிக்கொண்டு போனால், மனம் எப்படி இருந்தாலும் இரண்டும் ஒரே மாதிரி இறுகும், ஒரே மாதிரி தளரும், நீளத்திலும் வித்தியாசம் வராது.

நாகர்கோவில்காரி எழுதியது:

இரண்டு பந்தும் வண்டியில் பின்னிக்கொண்டால் அதைப் பிரிப்பதற்கே நாக்பூர் வரை ஆகும். ஒரு வரிசையை வலப்புறமாகவும் அடுத்ததை இடப்புறமாகவும் திருப்பினால் சிக்கல் தானாக அவிழும். அதை மறக்காமல் செய்ய முடிந்தால் மட்டும் இந்த வழிக்குப் போ.

பல்லாவரத்தாள் எழுதியது:

கைகளுக்கு அந்த வழியையே பின்பற்றுகிறேன். இரண்டு பந்துகளுக்கும் இரண்டு தூக்குவாளி எடுத்துக்கொள்கிறேன். அங்கே இருக்கும் நாட்களில் அளவு பார்ப்பது மட்டும்தான், பின்னல் இல்லை என்று கணவரிடம் சொன்னேன். "கழுத்துப் பட்டையை மட்டும் இங்கே போடு, எப்படிப் போடுகிறாய் என்று பார்க்க வேண்டும்" என்றார். மறுகரை ஐயா மன்னிக்க வேண்டும். கழுத்தைச் சுற்றிக் கண்ணி எடுக்கும்போது எத்தனை எடுப்பது என்பதே கடைசிக் கேள்வி.

ஊசிமுனை எழுதியது:

முடித்து வைத்த தட்டையான பகுதியில் ஒரு கண்ணிக்கு ஒன்று. பக்கச் சரிவில், நான்கு வரிசைக்கு மூன்று என்ற விகிதத்தில் எடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று எடுத்தால் கழுத்து அலையலையாக விரியும், இரண்டுக்கு ஒன்று எடுத்தால் சுருங்கிப் பிடிக்கும். மொத்தம் நான்கால் வகுபடும்படி சரிசெய்துகொண்டு, 3.25 மி.மீ. ஊசியில் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ரிப் போடுங்கள். கழுத்துக்கு 40 செ.மீ. குட்டை வட்ட ஊசி தனியாக வாங்க வேண்டியிருக்கும். கடைசி வரிசையில் கண்ணிகள் அவிழாதபடி தளர்வாக அடைத்து முடியுங்கள். அடைத்து நூலை வெட்டுவதற்கு முன்பே அவர் தலையில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.